தலையில்லாதவள் உடுத்த சேலை

ஆதம்லெவ்வை ஹாஜியார் கல்முனைக் கடைத்தெரு நடுவில் மாளிகைக் கடையைத் திறந்த புதிதில், நிந்தவூர் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களில் பாதிப்பேருக்கு வாங்குவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. சும்மா பார்க்கத்தான் வந்தார்கள். இரண்டு மாடிக் கட்டிடம். கீழே ஒரு பக்கம் அரிசி, பருப்பு, மண்வெட்டி. மறுபக்கம் பீங்கான் கோப்பை, செருப்பு, மணிக்கூடு, அத்தர். மேல்மாடி முழுக்கத் துணி. பின்வளவில் ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டு கடைக்கென்றே மின்சார விளக்கு எரித்தது. துணிக்கு ஒரு கடை, செருப்புக்கு ஒரு கடை என்று வெயிலில் அலைந்து பழகிய சனத்துக்கு, இத்தனையும் ஒரே கூரைக்குள் கிடந்தது பெரிய புதினம்.

கல்லோயா அணைத் தண்ணீர் வயல்களுக்கு வரத் தொடங்கிய காலம் அது. மாவடிப்பள்ளி வயற்காரர் அறுவடை முடிந்த கையோடு குடும்பத்துக்கே துணி எடுக்க வந்தார்கள். தீபாவளிக்குத் தம்பிலுவில் ஆட்கள், நத்தாருக்குக் கிறிஸ்தவர்கள், பெருநாளைக்கு முஸ்லிம்கள் என்று வருஷம் முழுக்க அந்த வாசலில் கூட்டம். மாப்பிள்ளை பேசுகிறவர்கள் அங்கே சந்தித்தார்கள். கோபித்துக்கொண்டு பேச்சை விட்ட மச்சான்மார் அங்கே தற்செயலாக முகத்துக்கு முகம் பட்டுச் சிரித்து ஒன்றாகிப் போனதும் உண்டு.

முன்பக்கக் கண்ணாடிக்குள் ஒரு பெண் பொம்மை நின்றது. ஹாஜியார் கொழும்பிலிருந்து தருவித்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி வந்து, உருவம் வைப்பது ஆகாது என்றார்கள். ஹாஜியார் வாதாடவில்லை. ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு, மரமறுக்கும் வாளைப் போட்டுக் கழுத்தோடு அறுப்பித்துவிட்டார். தலை போனபிறகு அது உருவம் இல்லையாம், துணி மாட்டும் மரமாம். பெரியவர்கள் திருப்தியோடு திரும்பிப் போனார்கள். போகும்போது அந்தத் தலையில்லாத உடம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டும் போனார்கள். அதன்பிறகு கல்முனையில் ஒருவரை ஒருவர் சந்திக்க வேண்டுமானால், "தலையில்லாதவளுக்குப் பக்கத்தில நில்லு, வாறன்" என்பதுதான் பேச்சு.

அந்தக் கடையில் மீராசா பொட்டணிக்காரன். பொட்டணி என்பது வெள்ளைத் துணியில் கட்டிய சேலை மூட்டை. கௌரவமான முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் கடைத்தெருவுக்கு வருவதில்லை. ஆகவே கடைதான் அவர்களிடம் போக வேண்டும். மீராசா பொட்டணியை வாசலில் வைப்பான், ஒருதரம் செருமுவான், முற்றத்து மரத்தடியில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான். உள்ளே பெண்கள் அவிழ்த்துப் பார்த்து, உடம்பில் வைத்துப் பார்த்து, சண்டை போட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுவார்கள். அலங்கோலமாகக் கிடக்கும் அத்தனையையும் அவன் பழைய மடிப்பிலேயே மடித்து எடுப்பான். அவன் மடித்த சேலையைப் பார்த்தால் யாரும் தொட்டது என்று சொல்ல முடியாது. "மீராசாட கண்ணும் நல்லம், கையும் நல்லம்" என்று ஹாஜியார் நாலுபேர் முன்னால் சொல்லுவார். அப்போது மீராசா குனிந்து நிற்பான்; உள்ளுக்குள் நெஞ்சு நிமிர்ந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்தால் நிமிர்வதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. மீராசா கையை வீசிக்கொண்டு வந்து குடியேறிய மாப்பிள்ளை. அவனுடைய மனைவி சுபைறா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மாலையில் அவனுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, "இண்டைக்கு என்ன நிறமெல்லாம் கொண்டு போன?" என்று கேட்பாள். அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஊரிலுள்ள பெண்கள் எல்லாம் கையால் தடவிப் பார்த்த சேலைகளை அவள் புருஷனின் வாய்வழியாகத்தான் பார்த்திருந்தாள்.

சுபைறாவின் ராத்தா றாபியா நிந்தவூரில் ஒரு போடியாருக்கு வாழ்க்கைப்பட்டவள். வயலும் ஆளணியுமாக வாழ்கிற வீடு. அங்கே முன்னொரு கலியாணத்தில் றாபியா தங்கையைத் தனியே கூப்பிட்டு, "நீ குசினிக்குள்ளேயே நில்லு புள்ள. இந்தச் சீலையோட மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு முன்னுக்கு வந்திராத" என்று சொல்லியிருந்தாள். சுபைறா இதைச் சிரித்துக்கொண்டுதான் மீராசாவிடம் சொன்னாள். அந்தச் சிரிப்பு அவன் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது.

இப்போது றாபியாவின் மூத்த மகளுக்குக் கலியாணம். அதற்கு முதல் நாள் மாலையில், பல வீடுகளுக்கும் போய்த் திரும்பிய பொட்டணியிலிருந்து மீராசா ஒரு பனாரஸ் சேலையை உருவி வீட்டுக்குக் கொண்டு வந்தான். கத்தரிப்பூ நிறம், கையகலச் சரிகைக் கரை.

"இஞ்ச பாரு, ஹாஜியார் தந்த. கலியாணத்துக்கு நீ உடுக்கட்டாம். உடுத்திட்டு மறுகா திருப்பிக் குடுத்திரணும்" என்றான். பொய் இவ்வளவு இலேசாக வாயிலிருந்து வழுக்கும் என்று அவனுக்கே தெரியாது.

சுபைறா கையை இரண்டுதரம் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டாள். "மெய்யாவா? எனக்கா? அவருக்கு என்னையத் தெரியவும் தெரியாதே."

"என்னையத் தெரியுந்தானே. நீ ஆருக்கிட்டயும் சொல்லிப்போடாத. மத்த வேலையாக்கள் கேள்விப்பட்டா அவருக்குக் கரச்சல்."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சேலையோடு நிந்தவூர் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது, குரவையிட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் குரவையை மறந்தார்களாம். றாபியாவே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருத்தினாளாம். சந்தனக் கிண்ணம் முதலில் அவளிடம்தான் வந்ததாம். வீடு திரும்பி இதையெல்லாம் அவள் சொன்னபோது மீராசாவுக்குக் கண் கலங்கியது. செய்த களவு அந்த நேரத்தில் அவனுக்குக் களவாகவே தெரியவில்லை. விடிந்ததும் சேலையை மடித்தான், வழமையைவிடக் கவனமாக. கடை திறந்த கையோடு அதை மேல்மாடி அலுமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். ஒரு குருவிக்கும் தெரியாது என்று நினைத்தான்.

அலுமாரியில் அவ்வளவு சேலைகள் இருக்க, ஹாஜியாருக்குப் பொம்மைக்கு உடுத்த அதுதான் கண்ணில் பட வேண்டுமா?

பொம்மைக்கு உடுத்துகிற வேலை சகாயம்மாவுடையது. யாகோப்பு என்கிற மீன்பிடிக்காரனின் பெண்சாதி. அவனைக் கடல் கொண்டுபோனபின் இரண்டு பிள்ளைகளோடு நின்றவளை, மேல்மாடிக்கு வருகிற தமிழ்ப் பெண்களைக் கவனிக்க ஹாஜியார் வேலைக்கு எடுத்திருந்தார். அவள் சேலையை விரித்தாள். விரித்தவள் கையை எடுக்காமல் நின்றாள்.

"ஹாஜியார், இதப் பாருங்க. தலைப்புக்கு உள்பக்கமா சந்தனம் கிடக்கு."

ஹாஜியார் கிட்ட வந்து முகர்ந்தார். சந்தனமும் அத்தரும் வேர்வையும் கலந்த கலியாண வீட்டு வாசனை. "இது உடுத்த சீலை" என்றார். பிறகு திரும்பி, "மீராசா, இது பொட்டணியில வெளிய போனதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொல்லியிருந்தால் எல்லாம் அவ்விடத்திலேயே முடிந்திருக்கும். எந்த வீட்டிலோ யாரோ ஒரு குமர்ப்பிள்ளை ஆசைக்கு உடுத்துப் பார்த்ததாகப் போயிருக்கும். ஆனால் எந்த வீடு என்று கேட்பாரே, விசாரிக்க ஆள் அனுப்புவாரே என்று மீராசா பயந்தான்.

"இல்ல ஹாஜியார். இது வெளிய போகல்ல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே போய் விழுகிறது என்று கண்டான். வெளியே போகவில்லை என்றால் கடைக்குள்ளே இருந்திருக்கிறது. கடைக்குள்ளே அதைத் தொடுகிற பெண் ஒருத்திதான்.

ஹாஜியார் சகாயம்மாவைப் பார்த்தார். "போன கிழமை தம்பிலுவிலுக்கு ஒரு கலியாணம் எண்டு லீவு கேட்டாய் என்ன?"

"ஓம் ஹாஜியார். அன்னப்பிள்ளை அக்காட மகளுக்கு. நான் என்ட வெள்ளைச் சீலையோடதான் போன."

"நான் ஒண்டும் சொல்லல்லயே. கேட்டன்."

சகாயம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் மீராசாவின் பக்கம் ஒருதரம் பார்த்தாள். அவன் கூரையில் சுழன்ற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேலை இனி விலைக்கு ஆகாது, பொம்மையிலேயே கிடக்கட்டும், கறை பின்னுக்குப் போகிற மாதிரி ஊசி குத்து என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். மற்றபடி அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் மீராசாவைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ள அந்திக்குப் போகக்குள்ள பையப் பாத்து அனுப்பு. நம்பிக்கையான ஆள் நீதான்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் சகாயம்மா படியிறங்கி வந்து, வாசலில் நிற்கிற மீராசாவின் முன்னால் புல்லில் இழைத்த தன் பன்பையைத் திறந்து பிடித்தாள். சாப்பாட்டுப் பெட்டி, செபமாலை, ஒரு சீப்பு, பிள்ளைகளுக்கு வாங்கிய இரண்டு பணிஸ். கடைக்கு வந்த சனம் நின்று பார்த்தது. மீராசா பைக்குள் கண்ணைப் போடாமல் பையின் விளிம்பைப் பார்த்து, "சரி, போங்க" என்பான். களவெடுத்தவன் காவல் நிற்கிறான், களவெடுக்காதவள் பையைத் திறந்து காட்டுகிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கும் அவனுக்கு. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பான். நாளைக்கு வந்ததும், இனி எந்த வீட்டு வாசலில் போய்ச் செருமுவேன், எந்தப் பெண் என்னை நம்பிக் கதவைத் திறப்பாள் என்று நினைப்பான். சொல்ல மாட்டான். கண்ணாடிக்குள் தலையில்லாதவள் கத்தரிப்பூச் சேலையோடு நிற்பாள். அவளுக்குக் கண் இல்லை என்பது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

இப்படி இருக்கும்போது ஹாஜியாருக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஊரிலுள்ள முஸ்லிம் ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலுக்குள் இருப்பார்கள். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் ஆண் இருக்க மாட்டான். அந்த நேரம் மாளிகைக் கடையைப் பெண்களுக்கு மட்டும் திறந்துவிட்டால் என்ன? ஜும்ஆ நேரத்தில் வியாபாரமா என்று பெரியவர்கள் மறுபடி கூடி வந்தார்கள். விற்பது சகாயம்மாதானே, அவளுக்கு ஜும்ஆ உண்டா என்று ஹாஜியார் கேட்டார். பெரியவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய வீட்டுப் பெண்கள்தான் முதல் வெள்ளிக்கிழமை முதல் ஆட்களாக வந்து நின்றார்கள் என்று கேள்வி.

இரண்டாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹாஜியாரும் மீராசாவும் இன்னும் சில வேலையாட்களும் பள்ளிவாசலில் இருந்து திரும்பினார்கள். பெண்கள் பக்கக் கதவால் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. கண்ணாடிக் கூண்டின் பின்பக்கத்தில், பொம்மைக்குப் பக்கத்தில், சகாயம்மாவோடு நின்றாள். ஆண்களைக் கண்டதும் முக்காட்டை முகம் மறைய இழுத்துக்கொண்டாள். அந்தக் கையை மீராசாவுக்குத் தெரியும். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சுபைறா அவனைப் பார்க்கவே இல்லை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, நடுங்குகிற குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தன் வாழ்க்கையில் முதல்தரம் ஓர் அந்நிய ஆணோடு கதைத்தாள்.

"ஹாஜியார், நான் உங்கட பொட்டணி தூக்கிறவர்ர பொஞ்சாதி. நிந்தவூர்க் கலியாணத்துக்கு இந்தச் சீலைய எனக்கு உடுக்கத் தந்தீங்களே, அல்லாஹ் உங்களுக்குப் பறக்கத்துச் செய்யணும். எங்கட ராத்தாட வீட்டில அண்டைக்குத்தான் என்னைய மனிசியா மதிச்சாங்க. நான் ஒவ்வொரு நாளும் தொழுதுபோட்டு உங்களுக்குத் துஆக் கேக்கிறன். நேர சொல்லணும் எண்டுதான் வந்த."

பின்வளவில் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹாஜியார் சேலையைப் பார்த்தார், பிறகு சகாயம்மாவைப் பார்த்தார். மீராசா கூனிக் குறுகி நின்றான். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம். கல்முனைக் கடைத்தெரு நிலம் அப்படியெல்லாம் யாருக்கும் பிளப்பதில்லை.

ஹாஜியார் தொண்டையைச் சரிசெய்தார். "ஓம் மகள்" என்றார். "அது உனக்கெண்டு வெச்ச சீலைதான். இனித் திருப்பித் தரத் தேவல்ல. சகாயம்மா, அதக் கழட்டிப் புள்ளைக்கிட்டக் குடு."

சகாயம்மா ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சேலையை உருவி, மடித்துக் கொடுத்தாள். தலையில்லாதவள் வெறும் மரமாக நின்றாள். சுபைறா சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கக் கதவால் போய்விட்டாள். அவள் போன பிறகு ஹாஜியார் மீராசாவைக் கடந்து போனார். போகும்போது அவன் பக்கம் திரும்பாமல், "கீழ அரிசிப் பக்கம் ஆள் காணாது. நாளையில இருந்து நீ அங்க நில்லு" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான், அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். தன் மானத்தைத் தன் மனைவி முன்னால் காப்பாற்றிக் கொடுத்த மனிதனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மாலை வந்தது. சகாயம்மா படியிறங்கி வந்தாள். பை பார்க்க வேண்டாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வழமை போல மீராசாவின் முன்னால் வந்து பன்பையைத் திறந்து பிடித்தாள்.

"வேணாம் சகாயம்மா. மூடுங்க" என்றான் மீராசா.

"இல்ல மீராசாக் காக்கா, பாருங்க. இண்டைக்கு உள்ளுக்கும் நல்லாப் பாருங்க."

அவன் பார்த்தான். அதே சாப்பாட்டுப் பெட்டி, அதே செபமாலை. "என்னைய மன்னிச்சிருங்க. நான்தான் அந்தச் சீலைய..."

"தெரியும்."

"இண்டைக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அண்டைக்கே தெரியும். அந்தச் சீலைய நான் எடுக்கக்குள்ள அது உங்கட மடிப்பில கிடந்த. மத்தவங்களுக்கு விளங்காட்டியும் ஒவ்வொரு நாளும் பாக்கிற எனக்கு உங்கட மடிப்புத் தெரியும். வெளிய போகாத சீலையில உங்கட மடிப்பு எப்படி வரும்?"

"பிறகு ஏன் நீங்க சொல்லல்ல?"

"நான் சொன்னா ஆரு நம்புற? நீங்க சொன்னாத்தானே நம்புவாங்க. இண்டைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்க எண்டுதான் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு முன்னால கொண்டு வந்து திறந்து காட்டின." அவள் பையை மூடினாள். "கடைசியில உங்கட பொஞ்சாதிதானே வந்து சொல்ல வேண்டிக் கிடந்த. பாவம், அவக்கு ஒண்டும் தெரியா."

அவள் சந்தியைக் கடந்து மாதா கோயில் பக்கம் நடந்து போனாள். கடைசிச் சொற்கள்தான் மீராசாவை வீடுவரைக்கும் துரத்திக்கொண்டு வந்தன.

மஃரிப் தொழுகை முடிந்த நேரம். சுபைறா விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, கத்தரிப்பூச் சேலையை உடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"இஞ்சருங்க, கோவமா? சொல்லாம வந்ததுக்கும் மத்த வேலையாக்கள் கேக்கக் கதைச்சதுக்கும் கோவிக்காதீங்க. உங்களில ஹாஜியாருக்கு எவ்வளவு மதிப்பு எண்டு இண்டைக்குத்தான் கண்ணால கண்டன். நான் சொன்ன உடன கழட்டித் தந்திட்டாரே. பாருங்க, எப்படியிரிக்கி?"

மீராசா படியிலேயே இருந்துவிட்டான். 'நல்லா இருக்கு' என்று சொன்னால் போதும், அவள் சாகும்வரை அந்தச் சிரிப்போடு இருப்பாள். பெருநாளைக்குப் பெருநாள் அதை உடுத்துக்கொண்டு ஹாஜியாருக்குத் துஆக் கேட்பாள். ஆனால் அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு பன்பை திறந்தபடியே இருந்தது.

"சுபைறா, அந்தச் சீலைய அண்டைக்கு ஹாஜியார் தரல்ல. நான் அவருக்குத் தெரியாம எடுத்த."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சந்தனக் கறையை, தான் சொன்ன பொய்யை, சகாயம்மாவின் பையை. ஒன்றையும் விடவில்லை. சுபைறாவின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவனுக்குத் தெரியாது. நிலத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

அவள் சேலைத் தலைப்பைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் துஆச் சொல்லக்குள்ள ஹாஜியாருக்கு விளங்கிட்டு?"

"ஓம்."

"பக்கத்தில நிண்ட அந்தப் புள்ளைக்கும்?"

"ஓம்."

"அங்க நிண்ட எல்லாருக்கும் விளங்கியிரிக்கி. எனக்கு மட்டும்தான் விளங்கல்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அழவில்லை. வாசலில் யாரோ பொட்டணிக்காரன் வந்து செருமியது போல ஒருபுறமாகத் திரும்பினாள். தன்னுடைய சொந்த வீட்டில், தன்னுடைய புருஷனுக்கு முன்னால், தோளில் கிடந்த முக்காட்டை எடுத்து முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.